மடியில் செடி ஏந்திய மாதரசி வெர்னா ஹால்வர்சன் அம்மையார்க்கு

கனடாவிடம் குளிரைக் கடன் வாங்கிக் காலம் தள்ளும் நம் வடமாநிலத்தின் கண்டிப்பே! கண்காட்சி மண்டபங்களின் காவல் தெய்வமே! பட்டுக் குரலில் பேசி, பாடுபட்டுக் கட்டிய வீட்டின் பத்திரத்தைப் பறிக்க வந்தோரெல்லாம், தங்கள் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை தூரத்தில் தெரிந்த மாத்திரத்தில் பல் வலிக்கிறதென்று சொல்லிப் பெட்டி கட்டிய பெருமைக்குரியவரே! வருக! அந்த நடு நாற்காலி தங்களுக்குத்தான். அமர்க! அமர்வதில் தங்களை மிஞ்ச இந்த அமெரிக்க நாட்டில் ஆள் உண்டா என்ன!

முறைப்படி இந்தப் பணி ஓய்வுப் பாராட்டு மடலை அலுவலகப் பணியாளர்கள் எழுதியிருக்க வேண்டும். அலுவலகத் தாளில் எழுதக் கூடாது, அலுவலக நேரத்தில் எழுதக் கூடாது, அலுவலகக் கூடத்தில் படிக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டதால், முன்பே ஓய்வு பெற்று, யார் தாளும் யார் நேரமும் தேவைப்படாமல் சுற்றித் திரியும் ஆர்விட் கோஸ்கியாகிய என் கைக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. கூடம் கிடைக்காததால் இந்தப் பவுலிங் விடுதியின் பின்னறை. பக்கத்தில் பந்து உருண்டு கட்டைகள் சரியும்போதெல்லாம் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

"ஆர்விட், கொஞ்சம் அடக்கி வாசிங்க. உங்களுக்குப் பென்ஷன் வருது, எங்களுக்கு இன்னும் சம்பளம்தான் வருது" என்று நம் புகார்ப் பிரிவின் பொறுப்பாளர் மாய் யெர் தாவ் என்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அடக்கித்தான் வாசிக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் இந்தக் கூரை தாங்கியிருக்காது.

சட்டத்தின் சாரம் கண்டவரே! பெயர் பெற்ற கம்பெனியின் பலகையை வாங்கித் தன் ஊரில் மாட்டி, ஃபிரான்சைஸ் கடை நடத்த ஆசைப்படுபவரிடம் அந்தக் கம்பெனி வாய் திறப்பதற்கு முன், தன் கதையை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். எத்தனை கிளை திறந்தது, எத்தனை இழுத்து மூடப்பட்டது, மூடியவர் கதி என்ன ஆயிற்று, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்யாதவரும் ஃபிரான்சைஸ் விற்கும் கண்காட்சிக்கு வரலாம், பலூன் கொடுக்கலாம், மிட்டாய் கொடுக்கலாம். ஆனால், "நாங்கள் இங்கே பதிவு செய்யவில்லை, இந்த மாநிலத்தாருக்கு விற்கமாட்டோம்" என்ற அட்டையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதைக் கேட்டபடியே உறங்கிப்போன அதிகாரிகளை நான் அறிவேன்; அவர்களில் ஒருவர் இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தோராண்டுக் காலத்தில் ஒரு நாளும் உறங்காதவர் தாங்கள்.

அட்டையை வைப்பார்கள், அம்மையீர், வைக்கத்தான் செய்வார்கள். வைத்த கையோடு அதற்கு முன்னால் ஒரு செடித் தொட்டியையும் வைப்பார்கள். பனை, மூங்கில், ஃபெர்ன், எல்லாம் பிளாஸ்டிக். ஒரு கட்டத்தில் நம் மண்டபம் காடாகவே மாறி, உள்ளே மான் நுழைந்துவிட்டதாக நானே வெளியே போய்ச் சொன்னேன். இரண்டு பேர் துப்பாக்கி எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள்.

மற்ற ஆய்வாளர்களாகிய நாங்கள் தொட்டியை நகர்த்தி வைப்போம். நாங்கள் அடுத்த ஸ்டாலுக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள், கால் முளைத்ததுபோல் அது பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தாங்கள்தான் முதன்முதலாக அதைத் தூக்கினீர்கள். தூக்கி, பக்கத்தில் கிடந்த நாற்காலியை அட்டைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"மேடம், அது எங்க செடி."

"தெரியும்ப்பா. நல்லா பாத்துக்கறேன், கவலப்படாத."

"எவ்வளவு நேரம் வச்சிருப்பீங்க?"

"நீ எத்தன மணிக்குக் கடையக் கட்டுவே?"

செடியை மடியில் வைக்கக் கூடாதென்று சொல்லும் சட்டம் ஒன்று உண்டா என்று அவர்கள் வக்கீல்கள் தேடிய தேடலில் மூன்று நூலகங்களின் அலமாரிகள் சரிந்தன. அன்று மாலைக்குள் ஏழு ஸ்டால்கள் தாமாகவே மூடின. எட்டாவது ஸ்டால்காரர் மனம் திருந்திப் பாதிரியாராகிவிட்டார் என்பது என் கட்சி. இல்லையென்று நிரூபிக்க விரும்புகிறவர்கள் அவரைத் தேடிக் கொண்டு வரட்டும்.

பொறுமையின் பேரேரியே! உறைந்த ஏரியில் துளை போட்டு, ஒரே ஒரு மீனுக்காகப் பொழுது சாயும்வரை வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் குலத்தில் பிறந்தவர் தாங்கள். சூடேற்றிய மண்டபத்தில், மெத்தை வைத்த நாற்காலியில், பிளாஸ்க் நிறையக் காப்பியோடு உட்காரச் சொன்னால் எத்தனை யுகம் உட்கார மாட்டீர்கள்! மிரட்டினார்கள், சிரித்தீர்கள். சிரித்தார்கள், காப்பியை ஊற்றிக்கொண்டீர்கள். சாக்லேட் கூடை நீட்டினார்கள். அதை வாங்கி, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்து, "அப்படியே அந்த அட்டையையும் ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க" என்றீர்கள்.

இனி இந்த வசந்தத்தில் நடந்ததற்கு வருகிறேன். மாய் யெர் என் காலை மிதிக்கிறார், மிதிக்கட்டும்.

கண்காட்சி நடத்துபவர்கள் மேலிடத்தில் போய் அழுதார்கள். நம் துணை ஆணையர் பிரஸ்டன் கேல் தங்களை அறைக்கு அழைத்தார். கதவு திறந்திருந்தது, அலுவலகமே காது வைத்துக் கேட்டது.

"வெர்னா, இனிமே இங்கேருந்தே பேப்பரப் பாத்தா போதும். கண்காட்சிக்கு நம்ம ஆளுங்க யாரும் போக வேணாம். அவங்களும் நம்ம ஊருக்குத் தொழில் கொண்டு வர்றவங்கதானே?"

"பேப்பர்ல செடி தெரியாதே, பிரஸ்டன்."

"இது உத்தரவு."

"சரி. அப்ப வெள்ளிக்கிழம எனக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"உக்கார."

வெள்ளிக்கிழமை நானும் மண்டபத்தில் இருந்தேன். இலவசப் பாப்கார்னுக்காகத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. வேனில் போய் வீட்டு வாசலில் நாய் குளிப்பாட்டும் ஒரு தொழிலை, பதிவு எதுவும் இல்லாமல், ட்ரென்ட் மேலோரி என்னும் இளைஞர் விற்றுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பல்வரிசையை நான் குதிரைகளிடம்கூடக் கண்டதில்லை. அவர் முன்னால் நின்றவர் மார்லிஸ் ட்வீட்டன். காகித ஆலை மூடியபோது அதன் கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்த வேலையை இழந்தவர். இருந்த ஒரே சொத்து அவர் வீடு. அதை ஈடு வைப்பதற்கான காகிதங்களும் கையோடு இருந்தன.

"மார்லிஸ், உங்க கண்ணப் பாத்தாலே தெரியுது, நீங்க பொறந்ததே முதலாளி ஆகத்தான். ஆனா இந்தச் சலுகை இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். நாளைக்கு உங்க ஏரியா வேற ஒருத்தருக்குப் போயிரும், அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க."

தாங்களோ மடியில் ஃபெர்னோடு அட்டைக்குப் பக்கத்தில். லீவில் இருக்கிறீர்கள். அதிகாரியாக ஒரு வார்த்தை பேசினாலும் உத்தரவை மீறியதாகும்; ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கையில் வேலை போகும். பேசாவிட்டாலோ ஒருத்தியின் வீடு போகும். என் வாயில் பாப்கார்ன் அப்படியே நின்றுவிட்டது.

மார்லிஸ் பேனாவோடு மேசைக்கு வந்தார். தங்கள் நாற்காலி வழியை மறித்தது.

"ஏங்க, காலக் கொஞ்சம் மடக்குங்க. கையெழுத்துப் போடணும்."

"தாராளமா. இந்தச் செடிய மட்டும் ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறீங்களா? கை மரத்துப் போச்சு."

இந்த ஊரில் யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வோம். மாட்டேன் என்று சொல்ல நமக்கு நாக்கு வளையாது. கேட்பவர் மனம் நோகுமே என்று பயம். அந்த ஒரு குணத்தை நம்பித்தானே தூரத்து மாநிலத்திலிருந்தெல்லாம் விமானமேறி இங்கே விற்க வருகிறார்கள்! அந்தக் குணத்தையே எடுத்து அவர்கள் மேல் திருப்பிய மதியூகியே! மார்லிஸ் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு தொட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கையெழுத்துப் போட இப்போது கை இல்லை. கண்ணுக்கு நேரே அட்டை. படிப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

பேனா கீழே விழுந்தது.

"'இந்த மாநிலத்தாருக்கு விற்கமாட்டோம்.' ஏப்பா ட்ரென்ட், என்னய எந்த மாநிலம்னு நெனச்சே?"

"அது சும்மா ஒரு சம்பிரதாயம், மார்லிஸ். எல்லாரும் வைக்கறதுதான்."

"சம்பிரதாயத்துக்கு முன்னாடி எதுக்குச் செடி?"

"அழகுக்கு."

"எங்க கேன்டீனுக்கு உருளக்கிழங்கு போடறவன் ஒருத்தன் இருந்தான். அழுகினத அடியில போட்டு, நல்லத மேல அடுக்கிக் கொண்டாருவான். அவனும் அழகுக்குன்னுதான் சொல்லுவான். அவன்கிட்ட சொன்னதத்தான் உங்கிட்டயும் சொல்றேன். மூட்டையக் கொட்டிக் காட்டு. எத்தன வேன் ஓடுது, எத்தன நின்னு போச்சு? நின்னு போனவங்க யாரு? அவங்ககிட்ட நான் பேசணும்."

கொட்டிக் காட்ட ட்ரென்டிடம் மூட்டையே இல்லை. உண்டதும் உளறியதும் போதுமென்று அவர் மதியத்துக்குள் மேசையை மடக்கிக்கொண்டு கிளம்பினார். போன அவசரத்தில் இரண்டு பலூனும் ஒரு ஷூவும் விட்டுச் சென்றார் என்று சொல்ல ஆசைதான், பலூன் மட்டும்தான். செடியைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அது மார்லிஸ் கையிலேயே இருந்தது.

லீவில் போய் உட்கார்ந்ததற்குத் திங்கட்கிழமை மேலிடத்தில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தால் ஓய்வு பெறும் நாளில் விழா, கேடயம், ஆணையர் கையால் பொன்னாடை. "கேடயம் வேணாம், பிரஸ்டன். தூசு தட்ட வீட்ல ஏற்கெனவே நெறைய இருக்கு" என்றீர்கள். அதனால்தான் அம்மையீர், தலைநகரின் பளிங்குக் கூடம் கிட்டாமல், பவுலிங் ஆட வருவோர் மாட்டும் வாடகை ஷூ நாற்றம் வீசும் இந்தப் பின்னறையில் தங்களைப் போற்றும் பெரும்பேறு எங்களுக்குக் கிட்டியது!

கதவோரம் தட்டோடு நிற்கும் துணை ஆணையர் பிரஸ்டன் கேல் அவர்களே! வந்தமைக்கு நன்றி. வந்த துணிச்சலைத் தனியாக ஒரு மடல் எழுதிப் பாராட்டலாம். தட்டைக் கீழே வைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட அந்த ஹாட்டிஷ் நன்றாக இருக்கிறதா? மேலே அடுக்கியதும் அடியில் இருப்பதும் ஒரே உருளைக்கிழங்குதான், கிளறிப் பார்க்கலாம். செய்தவர் அதோ, அடுத்த மேசையில், மார்லிஸ் ட்வீட்டன். தம் வீட்டு அடுப்பில் செய்தார். வீடு இன்னும் அவருடையதாகவே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

"வெர்னாவோட சேந்து அந்த உக்கார்ற பழக்கமும் ரிடையர் ஆயிரும்" என்று தாங்கள் சொன்னதாகக் கேள்வி, பிரஸ்டன். அதைத்தான் இப்போது பேச வேண்டும்.

இதோ என் கையில் ஒரு துண்டுப் பிரசுரம். கண்காட்சி நடத்துபவர்கள் அனுப்பி, போன வாரம் தபாலில் வந்தது. "பணி ஓய்வு பெற்றவரா? சேமிப்பும் நேரமும் கையில் இருக்கிறதா? வாருங்கள்! அனுமதி இலவசம்!" ஓய்வு பெற்ற நாளிலிருந்து இவர்கள் எனக்கு எழுதும் அளவுக்கு அன்போடும் ஆர்வத்தோடும் என் மனைவிகூட எழுதியதில்லை. நம் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் இது வந்திருக்கிறது. வெர்னா அம்மையீர், தங்களுக்கும் இந்நேரம் வந்திருக்கும். நேற்றுவரை அவர்களுக்கு எமனாக இருந்தவர், இன்று முதல் அவர்களே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைக்கும் விருந்தாளி! பணியாளர்கள் போகக் கூடாதென்று உத்தரவிடலாம். நாங்கள் பணியாளர்கள் இல்லை. வேலையைப் பறிப்பதாக மிரட்டலாம். வேலையே இல்லாதவரிடம் எதைப் பறிப்பது? குடிமக்கள் கையெழுத்திட்டுத் தரும் புகாரை வாங்கி விசாரித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வாங்கும் மேசையில் மாய் யெர் உட்கார்ந்திருக்கிறார். பேனாவில் மையும் நிரப்பி வைத்திருக்கிறார். இப்போது என் காலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

வரும் சனிக்கிழமை மண்டபம் திறக்கும்போது கிழக்கு வாசலில் ஓய்வு பெற்ற நாங்கள் பதினொருவர் நிற்போம். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு பிளாஸ்க். எனக்கு முட்டி மடங்காது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் என்னை எழுப்ப கிரேன்தான் வர வேண்டும், அது நமக்கு நல்லதே. மார்லிஸும் வருகிறார். உருளைக்கிழங்குக் கேள்வியை ஸ்டால் ஸ்டாலாகக் கேட்கப் போகிறாராம்.

அஞ்சாமையின் அணிகலனே! மண்டியிடாத மாண்பே! கருவூலத்தில் பென்ஷன் கணக்குப் பார்ப்பவர் தலைமுறை தலைமுறையாக மாறி, "இந்த அம்மா இன்னும் இருக்காங்களா!" என்று மலைக்கும்வரை தாங்கள் வாழ வேண்டும். தங்கள் முட்டி எஃகாகவும், முதுகு தேக்காகவும், பிளாஸ்க் வற்றாததாகவும் இருக்க வேண்டும். ஏரிகள் உறைந்து உருகி உறையும் காலமெல்லாம் தங்கள் நாற்காலி அசையாதிருக்க வேண்டும்!

பரிசாக, மார்லிஸ் இத்தனை நாளாகத் தூசு துடைத்துப் பாதுகாத்த அந்த ஃபெர்னைத் தங்கள் மடியில் வைக்கிறோம். கண்ணாடிச் சட்டமிட்ட இந்த மடலைத் தங்கள் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளுங்கள். முன்னால் மட்டும் அந்தச் செடியை வைத்துவிடாதீர்கள். சனிக்கிழமைக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பின்னால் நாற்காலி தூக்கி வரும்
ஓய்வு பெற்ற தோழர்கள்,
மற்றும்
சொந்த நேரத்தில், சொந்தத் தாளில், சொந்தப் பேனாவால் ஒப்பமிடும்
அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்