ஒச்சப்பன் உலர்த்திய புரதம்

பெயர் தவசி, வயது 56, தந்தை பெயர் சோலை, சிலமலை, போடிநாயக்கனூர் வட்டம், தொழில் ஜீப் ஓட்டுநர். விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி ஊரில் குடியிருந்துகொண்டு, போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு ஆளும் லோடும் ஏற்றிப் போய்வருகிறேன். என் ஜீப்பு ஏறாத மலை இந்தப் பூலோகத்தில் இன்னும் முளைக்கவில்லை. குறைத்துச் சொல்லும்படி அதிகாரி கூறினார். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். என் தங்கை மகள் பவதாரணி மலைமேல் ஒரு தனியார் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூரியர் வண்டி மலையேறாது என்பதால் அவர்கள் பார்சலை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சம்பவத்தன்று ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. பவதாரணியிடம் போனில் கேட்டதற்கு, மனித உடம்பில் உள்ள ஒரு புரதத்தை பாக்டீரியாவில் வளர்த்து எடுத்தது என்றாள். "அது ஏலக்காய் புரோக்கர் மாதிரி மாமா. தானா வாங்காது, விக்காது. நரம்புக்குள்ள ரெண்டு பேரச் சேத்துவிடும், சேதி அந்தப் பக்கம் போகும். ஐஸ் உருகிறாம வெரசா கொண்டா" என்றாள்.

அதன் பிறகு மலைப் பாதையில் மழைக்கு மரம் விழுந்து கிடந்தது. ஜீப்பில் இருந்த தோட்ட வேலைப் பெண்களைத் திரும்பக் கீழே கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. காலையில் தானே நடந்துவந்து வாங்கிக்கொள்வதாகவும் அதுவரை ஐஸ் தாங்கும் என்றும் பவதாரணி சொன்னதால், பக்கத்து ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தத் தீப்போடும் ஒச்சப்பனிடம் பெட்டியைக் கொடுத்தேன். சும்மா கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"ஒச்சப்பா, இது ஆயிரம் மனுச மூளையப் பிழிஞ்ச அமிர்தம். செத்தவன் நாக்குல வச்சா எந்திரிச்சு டீ கேப்பான். ஒரு சொட்டு மழை பட்டா போச்சு" என்றேன்.

"எங்கிட்ட குடுத்துட்டீகல்ல, ஈரம் அண்டாதுண்ணே" என்றான்.

இத்தனையும் சொன்ன நான் ஐஸைப் பற்றிச் சொல்லவில்லை.

அதன் பிறகு பெட்டியின் வெளிப்புறம் வேர்த்திருக்கிறது. ஈரம் தங்கினால் காய் பூஞ்சை பிடித்து ஏலத்தில் விலைபோகாது. அந்தப் பயத்திலேயே வேலை பார்க்கிறவன் ஒச்சப்பன். பெட்டியைத் திறந்து, புகைந்த ஐஸைக் கொட்டிவிட்டு, உள்ளே இருந்த சிறு குப்பியைத் தன் துண்டால் துடைத்து, உலர்த்தும் அறையில் நல்ல சூடு அடிக்கும் தட்டில் பச்சைக் காய்களுக்கு நடுவே வைத்திருக்கிறான். விடியும்வரை தீயை அணையவிடவில்லை.

காலையில் பாதை சரியாகி நானும் போய்ச் சேர்ந்தேன். பவதாரணியிடம் குப்பியை இரண்டு கையாலும் கொடுத்தான். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெளியே வந்து சாக்குமேல் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் "வெந்துபோச்சு மாமா" என்றாள்.

அதன் பிறகு, அந்த ஆய்வுக்கூடத்துக்கு நிலம் கொடுக்கக் கூடாதென்று ஒச்சப்பன் முன்பு கூட்டத்தில் சத்தம் போட்டவன் என்பதால், வேண்டுமென்றே நாசம் செய்தான் என்று நிர்வாகத்தார் புகார் கொடுத்தார்கள். அவன் மனதில் கெட்டது ஒன்றும் கிடையாது. வழக்கை என்மேல் போடும்படி கேட்டேன். வாயால் கெடுத்ததற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று அதிகாரி கூறினார்.

போலீஸ் வண்டியில் ஏற்றும்போது ஒச்சப்பன் என்னைப் பார்த்து, "பெட்டியத் தொறந்ததுதான் தப்பாண்ணே? ஆனா பாப்பா பொருளு நல்லாக் காஞ்சிருந்துச்சுல்ல?" என்று கேட்டான்.

"பதமாக் காஞ்சிருச்சுடா" என்றேன்.

மேலே கண்டது அத்தனையும் நான் சொன்னதே, நடந்ததே. வாசித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புகிறேன்.

(ஒப்பம்) சோ. தவசி