பூட்டு விழ வேண்டிய வாழையிலைக் கடை

மலேசியாவின் கிள்ளானில் ரயில் கிளம்பியதும், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா தன் தோழியிடம் சொன்னார்: “அந்த வாழையிலைக் கடைக்குப் பூட்டு விழற அன்னிக்குத்தான் எனக்குத் தீபாவளி.”

“அப்படி என்னடி பண்ணாங்க?”

“எங்க ஃபிளாட்டுக்குக் கீழேயே தொறந்து வச்சிருக்கான். வீட்டுக்காரரு வேலை முடிஞ்சு நேரா அங்க போய்ச் சாப்பிட்டுட்டு, மேல வந்து ‘பசிக்கல லா’ங்கறாரு. முப்பது வருஷமா ஆக்கிப் போடறவ நானு!”

“முனிசிபல்ல கம்ப்ளைன் பண்ண வேண்டியதுதானே?”

“பண்ணேனே! கரப்பான்பூச்சி ஓடுதுன்னு சும்மா ஒரு போடு போட்டேன். ஆளுங்க வந்து அடுப்படியெல்லாம் நோண்டிப் பாத்துட்டு, ரொம்ப சுத்தம்னு ‘ஏ’ கிரேடு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப கூட்டம் லைன் கட்டி ரோடு வரைக்கும் நிக்குது.”

தோழி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். உடனே மூக்கைச் சுளித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

“மடியில என்ன பை? ஆட்டெறச்சி வாசம் தூக்குது.”

அக்கா பையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார்.

“அவங்கிட்டதான் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன், உனக்கும் சேத்து. கடைய மூடறதுக்குள்ள நீயும் ஒரு தடவ சாப்பிட்டுப் பாத்துடணும் லா.”