மாதாவுக்கு மேலே கரி

— பையைக் கீழ வை, பெர்னதெத். புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க கிளம்புற?

— எங்கம்மா வீட்டுக்கு, நோணாங்குப்பத்துக்கு. புள்ள ஜெர்லினும் எங்கம்மாவும் ஆட்டோவுல உக்காந்தாச்சு. வழிய விடுங்க.

— காரணத்தச் சொல்லிட்டுப் போ.

— ராத்திரி பூரா புள்ள மூச்சுக்குத் தவிச்சுதே, அது போதாதா? காலைல டாக்டரம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, வீட்டுக்குள்ள புகை உண்டான்னு. எனக்கு மானமே போச்சு.

— நான் சிகரெட்ட விட்டுட்டேன்.

— விட்டுட்டாராம் நெல்சன் சார். கிறிஸ்துமஸுக்கு விட்டு நியூ இயருக்குப் பிடிச்சவருதானே நீங்க?

— இந்தத் தடவ நெசமா. தவக்காலம் தொடங்குன சாம்பல் புதன்லேர்ந்து கையால தொடல.

— சட்டையில நாத்தம் அடிக்குதே.

— சேதராப்பட்டுல கம்பெனி வாசல்ல டீ குடிக்கறப்ப நாலு பேரு ஊதுறான். அது ஒட்டிக்குது.

— புள்ள மூக்கத் துடைச்சா கர்ச்சீப்புல கருப்பா வருதே, அது? கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிச்ச செவுரு கரி ஏறிக் கெடக்குதே, அது? அவ தூங்குன பின்னாடி நாம படுக்கிற ரூம்லதானே நின்னு பிடிக்கிறீங்க?

— அந்த ரூமுக்கே வா. வான்னா வா. லைட்டப் போடு. எங்க இருக்கு கரி?

— மாதா சுரூபத்துக்கு மேல.

— கதவுகிட்ட இருக்கா?

— இல்ல.

— நான் ஊதுன புகை மாதா தலைக்கு மேல மட்டுமா போயி நிக்கும்? விரல வச்சுப் பாரு.

— மாதா முன்னாடி நான் ஏத்தி வைக்கிற மெழுகுவத்தியச் சொல்றீங்களா? அது கோயில்லயே எரியிறதுதானே. அதுல என்ன ஆவப்போவுது?

— கோயில் கூரை எம்மாம் ஒசரம், எத்தன சன்னலு. இங்க ஏசியப் போட்டு கதவ இழுத்துச் சாத்துறோம். நீ சன்னல் இடுக்குல பழைய துணிய வேற சொருகி வச்சிருக்க.

— கடல்காத்து அணைச்சிருதுங்க. வேண்டிக்கிட்ட வத்தி அணையக் கூடாது. ஒண்ணு தீர்றதுக்குள்ள அதுலயே இன்னொண்ணக் கொளுத்திருவேன்.

— போன வாரம் உங்கம்மா வீட்ல புள்ள இருமவே இல்லன்னியே. அங்க வத்திய எங்க ஏத்துன?

— அங்க... கோயில்ல போயி ஏத்தி, அணையாம பாத்துக்கிட்டேன்.

— பெர்னதெத்.

— அவளுக்காவத்தானே ஏத்துனேன். எம் புள்ள நெஞ்சுல நானேவா கரியக் கொட்டுனேன்?

— அழாத. துணிய எடு, சன்னலத் திறப்போம். ரெண்டு நாளு அவ உங்கம்மா வீட்லயே இருக்கட்டும், நான் செவுத்தக் கழுவி வைக்கிறேன். வத்திய அணைச்சிரு. மாதா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாங்க.

— சிகரெட்ட விட்டத ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?

— சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் தோத்தேன். இந்தத் தடவ ஈஸ்டர் அன்னிக்குச் சொல்லலாம்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். அத ஏன் இப்பக் கேக்குற?

— நேர்ச்சையே அதுதாங்க. சிகரெட்ட விட்டுட்டேன்னு நீங்க எங்கிட்ட வந்து சொல்ற வரைக்கும் இத அணைக்க மாட்டேன்னு.