அவன் ஆமென் சொன்ன ஜெபம்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் மணியடிக்கத் தயாராக அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே! மேடைக்கு மேன்மை சேர்க்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியில் வைத்து வளர்த்து, மடி கொள்ளாமல் வளர்ந்த பிறகும் இறக்கிவிட மனமில்லாத தாய்மார்களே! திருநீறு பூசியும் தொப்பி அணிந்தும் இந்தத் திருச்சபை மண்டபத்துக்கு வந்து, ஒரே கவலையால் ஒரே உறவாகிவிட்ட கடையநல்லூர், இலத்தூர்ப் பெற்றோர்களே! ஓய்வு பெற்ற ஆசிரியன் சாலமோன் ஞானக்கண்ணின் வணக்கமும் தோத்திரமும் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் கூட்டத்தில் பேச என்னை அழைத்தீர்கள். வாசலிலேயே நாலு பேர் கேட்டார்கள், "சார், மவனைக் கூட்டிட்டு வரலியா?" என்று. கூட்டி வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகன் கிளாட்வினுக்கு வயது இருபத்தெட்டு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சியில் குறைபாடு. எழுத்துக் கூட்டத் தெரியாது. எவரையும் ஏய்க்கவும் தெரியாது. குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு. போன வருடம் வரை அந்த வீட்டுக் கேட்டை அவன் தனியாகத் தாண்டியதில்லை. ஏன் தாண்டவில்லை? காலில்லையா? இருந்தது. வழியில்லையா? இருந்தது. விடுவதற்கு எங்களுக்குத்தான் மனமில்லை. சட்டைப் பட்டனை நான் போட்டுவிட்டேன். சோற்றை அவன் அம்மா பிசைந்து கொடுத்தாள். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

எங்கள் வீடுகளில் மாலையில் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, முழங்காலில் நின்று ஆளுக்கொரு ஜெபம் செய்வோம். கிளாட்வினுக்கு மட்டும் முறை கிடையாது. அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம். முடிவில் ஆமென் சொல்வது மட்டுமே அவன் பங்கு. நானும் என் மனைவி லில்லி புஷ்பமும் நாள் தவறாமல் என்ன கேட்டோம் தெரியுமா? "ஆண்டவரே, எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? எங்களுக்கு முந்தி இவனை எடுத்துக்கொள்ளும்."

தலை குனியாதீர்கள் தாயே! இந்த மண்டபத்தில் அப்படி ஒரு நாளாவது கேட்காத பெற்றோர் எத்தனை பேர்?

போன வருடம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் லில்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஏலே கிளாட்வின், இன்னைக்கு எனக்குப் பதிலா நீ ஜெபம் பண்ணு" என்றாள் கம்மிய குரலில். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இயேசப்பா, நான் முந்திச் சாவாண்டாம். எனக்குப் பயமா இருக்கு. அப்பாவும் அம்மாவும் போனப்புறம் நான் இருந்துக்கிடுதேன். எனக்கு பஸ் ஏறச் சொல்லிக்குடுங்க. ஆமென்."

அறியாதவன் என்று நினைத்தோமே, அத்தனை நாளும் கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறான்! தன் சாவைக் கேட்ட ஜெபத்துக்குத் தன் வாயாலேயே ஆமென் சொல்லியிருக்கிறான்! பெற்றவன் செய்யும் காரியமா இது? நான் செய்தேன். இந்த மேடையில் நின்று ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாளே பாடம் தொடங்கியது. வலசையில் ஏறி, தென்காசியில் மாறி, குற்றாலத்தில் இறங்க வேண்டும். அங்கே லாட்ஜ் நடத்தும் நண்பர் கோமதிசங்கர், படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வாத்தியார் புத்தி. பஸ் போர்டைப் படிக்க முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மாதம் போனது. இரண்டு எழுத்துத்தான் வந்தது. கடைசியில் அவனே சொன்னான்: "அப்பா, கண்டக்டர்ட்ட கேட்டா போதும்லா?"

சிரிக்கிறீர்கள்! போர்டைப் படித்த பிறகும் "குத்தாலம் போவுமா?" என்று கேட்டுவிட்டுத்தானே ஐயா நாம் எல்லாரும் ஏறுகிறோம்?

ஒரு வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அடுத்த வாரம் பின் இருக்கையில். அதற்கடுத்து அவனைத் தனியே ஏற்றிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டில் பின்னாலேயே போனேன். மூன்றாம் நாள் குற்றாலத்தில் இறங்கியவன் நேராக என்னிடம் வந்தான். "ஹெல்மெட் போட்டா தெரியாதாக்கும்? வீட்டுக்குப் போங்கப்பா."

என்ன அண்ணாச்சி? ஆவுடையப்பன் அண்ணாச்சி அங்கிருந்து கேட்கிறார்: "எங்கயாவது தொலைஞ்சு போயிட்டா என்ன செய்ய, சார்?" தொலைந்தானே அண்ணாச்சி! லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, சாரல் பிடித்த ஒரு மாலையில் வீடு திரும்பும்போது, சீசன் கூட்டத்தில் யாரையும் கேட்காமல் செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். ஒன்றேகால் மணி நேரம் தகவல் இல்லை. லில்லி என்னைத் திட்டிய திட்டை ஆயருக்கு முன்னால் சொல்ல முடியாது. பிறகு ஒரு டீக்கடைக்காரரின் செல்லிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் நம்பர் எழுதிய சீட்டை அவன்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான். "தப்பா ஏறிட்டேன்பா. நீங்க வராண்டாம். தென்காசி பஸ் எதுன்னு கேட்டுட்டேன். அம்மாவ அழுவாண்டாம்னு சொல்லுங்க."

வந்தான்! கேட்டைத் தானே திறந்துகொண்டு வந்தான். பசிக்கிறது என்றான். அன்றைக்குச் சோற்றை அவனே பிசைந்து சாப்பிட்டான். லில்லி பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெற்றோர்களே! பாதுகாப்பது நம் கடமை. பயத்தால் பூட்டி வைப்பது கடமையா? விழுந்தால் தூக்குவது அன்பு. விழுவான் என்றே நடக்க விடாதிருப்பது அன்பா? நாம் என்றும் இருக்கப்போவதில்லை. நாம் இருக்கும்போதே, நாம் இல்லாமல் இருக்க அவர்கள் பழகட்டும்! தப்பு பஸ்ஸில் ஏறட்டும்! கேட்டு இறங்கட்டும்! திரும்பி வரட்டும்!

இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அவனுக்கும் முறை உண்டு. பழைய விண்ணப்பத்தை விட்டுவிட்டோம். "எங்களுக்குப் பிறகும் இவன் நெடுநாள் இருக்கட்டும்" என்று கேட்கிறோம். அதற்கு அவன் சொல்லும் ஆமென் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது.

அவன் ஏன் வரவில்லை? நேற்று அழைத்தேன். "சனிக்கிழமை லாட்ஜ் ஃபுல்லுப்பா, எனக்கு டூட்டி இருக்கு. நீங்க பேசிட்டு அங்கனயே நில்லுங்க. முழங்கால் வலியோட தனியா பஸ் ஏறாண்டாம். ஆறு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான்.

மணி ஐந்து ஐம்பது. ஆயர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த சபைக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என்னைக் கூட்டிப்போக ஆள் வருகிறது. நான் வாசலுக்குப் போக வேண்டும். வணக்கம்!