மேலத் தாக்கு ஆரை

அட, நீங்க வேற சார்! இதா பெரணி? ஆரைக்கீரைன்னு நாங்க காலங்காலமாக் கடைஞ்சு தின்னுக்கிட்டு இருக்கோம். பெரணின்னா கொடைக்கானல்ல பாறையோரமாத் தொங்குமே, அது ஒண்ணுதான்னு நெனச்சேன். பூவும் கெடையாது, வெதையும் கெடையாது, அதனால ரெண்டும் ஒரே சாதியா? சரிதான் போங்க. களை பறிக்கப் போனா மடி நெறைய இதான் வரும். பண்ணையாரு ஒரு கதிரைத் தொட்டாத் தோலை உரிச்சுப்புடுவாரு, ஆரையை மட்டும் கண்டுக்க மாட்டாரு. அது எங்க பங்கு.

இருங்க, எங்க கெளம்புறீங்க? தஞ்சாவூர் காலேஜ்லேருந்து செடி தேடி வந்த வாத்தியாரை வெறும் வயித்தோட அனுப்பினா இந்த ராமாயிக்கு நல்லாவா இருக்கும்? ஒரு வாய் மோர் குடிங்க. எங்க வீட்டு மோரு குடிப்பீங்கல்ல? ஆங், அப்படிப் போடுங்க!

ஹாரனா? உர லாரியா இருக்கும், விடுங்க.

ஏங்க, இங்க வாங்க, சார் சொல்றதக் கேளுங்க. இவருதான் சார் எங்க வீட்டுக்காரரு, பக்கிரி. மலையில மழையும் குளிரும் இருக்கு, அதனால அங்க வகை வகையாப் பெரணி. இங்க காயுற வெயிலு, களிமண்ணு. தண்ணியில கெடக்கத் தெரிஞ்சதுதான் பொழைக்கும். அதுவும் மனுசன் வரப்புப் போட்டுத் தண்ணி கட்டுன எடமாப் பார்த்து நெல்லு கூடவே குடியேறிடுச்சாம். மழை பாதி, மனுசன் பாதி. சரியாச் சொல்றேனா சார்?

இதைப் பறிச்சீங்களே, அந்த மேலத் தாக்கு வயலு, அது எங்க சாகுபடி. மாமனார் காலத்துலேருந்து குத்தகை. விவசாயிங்க சங்கத்துல சேர்ந்து, வெளைச்சல்ல எங்க வாரத்தைக் கூட்டிக் கொடுங்கன்னு கேட்டோம். வந்துச்சே பண்ணையாருக்குக் கோவம்! எங்களை நெலத்தை விட்டு எறக்கிவிட்டுட்டு மடையை மண்ணடிச்சு மூடிப்புட்டாரு. ஏழு வருசமாக் கருவேலந்தான் மண்டிக் கெடந்துச்சு. இப்ப, உழுதவன் பேரைப் பதியணும்னு சட்டம் வந்திருக்குல்ல? போய்க் கேட்டா, அது என்னைக்குமே தரிசு, யாரும் நெல்லே போட்டதில்லைங்கிறாரு மனுசன். எங்களுக்கு ரசீதா கொடுத்தாரு காட்டுறதுக்கு? சாட்சி சொல்ல ஊர்ல யாருக்கும் வாய் வரல.

இந்த ஐப்பசி மழையில தாக்குல தண்ணி நின்னுச்சு. கொஞ்ச நாள்ல பார்த்தா, கருவேலத்துக்கு நடுவுல பச்சைப்பசேல்னு ஆரை! எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் புரியல. நீங்க சொல்லித்தானே தெரியுது, அது அடியில பயறு கணக்காக் காய் வைக்கும், அந்தக் காயி காஞ்ச மண்ணுல வருசக்கணக்காச் சாகாமக் கெடக்கும்னு. அப்ப முன்னாடி அங்க தண்ணி கட்டியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? உறுதியாச் சொல்லலாமா? யாரு கேட்டாலும் சொல்லுவீங்களா?

நல்லா இருப்பீங்க சார். அந்தா, சேத்தை வாரி எறைச்சுக்கிட்டு ஒரு ஜீப்பு வருது பாருங்க. தாசில்தாரு. இன்னைக்குத்தான் மேலத் தாக்கைப் பார்க்க வர்றாரு. என்கிட்ட சொன்னதை அவருகிட்டயும் அப்படியே சொல்லிப்புடுங்க, வேற ஒண்ணும் வேணாம்.

பஸ்ஸா? அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தாங்க. அதுக்குள்ள ஆரை கடைஞ்சு சோறு போட்டுடுறேன். கோச்சுக்காதீங்க சார், அப்ப ஹாரன் அடிச்சது உர லாரி இல்ல.