கீழ் வீட்டுச் சாவி

ஹலோ… வினோதினி, நான்தான்… இல்ல, இன்னும் சாப்புடல. இங்க ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு… குழாய மூடாம மார்க்கெட் போயிட்டேன்… ஆமா, நம்ம சிதம்பரம் பிளாட்லதான். ஹாலு, பெட்ரூமு எல்லாம் தண்ணி. வெள்ளம் பாக்க இனிமே குமராட்சிக்கு பஸ் ஏற வேணாம்… சிரிக்காத. கீழ் பிளாட்ல ஒழுகியிருக்கு…

இல்ல, அந்தாளு கதவத் தட்டல. ஒரு வார்த்த திட்டல. போட்டோ எடுத்து அசோசியேஷன் குரூப்ல போட்டுட்டாரு. செகரட்டரி நம்ம வால்வ மூடிட்டாரு… ஆமா, ஆமா, லிப்ட் ஓடுது. லிப்ட்ல தண்ணி வராதே.

கடலூர்லயும் இதே வேலைய செஞ்சேன், ஒத்துக்கறேன்… தெரியும். நாம குடுத்து வெச்ச சாவியப் போட்டு கீழ் வீட்டு விருத்தாம்பா அக்காதான் தொறந்து, தொடச்சி விட்டாங்க. அப்பறம் ஒரு வாரம் மாடிப்படில நிக்க வெச்சித் திட்டுனாங்க…

சரி, அத விடு. அக்கா பொண்ணு வளகாப்புக்குன்னு கடலூர் வீட்டுக்குப் போனியே, எப்ப வர்ற?… நான் அதக் கேக்கல… போட்டோ பாத்தேன், கயல்விழி கை நெறய வளையல், நல்லாதான் இருந்துச்சி… பேச்ச மாத்தாத.

நாளைக்கு பண்ருட்டிக்காரரு அந்த கடலூர் வீட்ட வெலைக்குப் பாக்க வர்றாரு… ஆமா, உன்னக் கேக்காமதான் வரச் சொன்னேன்… உன் பேர்லதான் இருக்கு, அதான் உன் கையெழுத்து வேணுங்கறேன். ஹவுசிங் போர்டு வீடு, செவுரு பேந்து கெடக்கு, குடத்தத் தூக்கிட்டு மூணு மாடி ஏறணும். இங்க டைல்ஸு, செக்யூரிட்டி. நீ சந்தோஷமா இருப்பன்னுதானே வாங்குனேன்…

இல்லியா?… சொல்லவே இல்லியே… நான் கேக்கவே இல்லியா… ம்…

நாலு மாசமா ஒருத்தரும் உன் பேரக் கேக்கலயா… எனக்கு மட்டும் என்னவாம். குரூப்ல என் பேரு இல்ல, பிளாட் நம்பருதான், 'எஃப் நாலு தண்ணிய வீணாக்குறாரு'ன்னுதான் போட்டிருக்கான்…

வினோதினி, அக்கா கூப்புடுறாங்கன்னு ஓடாத. ஒண்ணே ஒண்ணு. கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?… யோசிச்சி சொல்றேன்னு சொல்லாத. பத்து நாளா அதத்தான் சொல்ற… நான் கத்தல… சரி, கத்துனேன். இப்பக் கத்தல. சொல்லு…

…

மாட்டியா.

…இல்ல, கோவம் இல்ல. பண்ருட்டிக்காரர வர வேணாம்னு சொல்லிடறேன்… ஆமா, அங்கதான் கெளம்பறேன். இங்க குளிக்கத் தண்ணி இல்ல. ஒரு பக்கெட் புடிச்சி வை… அக்கா திட்டுனா திட்டட்டும். வைக்கிறேன்.