வாரா, கைப்பிடியா

சாம்ராஜ்: …அதான் சொல்றேன், கைய நீட்டு. மணிக்கட்டுல இந்தக் கொக்கி வச்ச தோல் வாரச் சுத்திப் பாக்கலாம்.

கங்காதரன்: வேணாம்ப்பா. போன வாரம் அடிச்சுக் குடுத்தியே, கைல புடிக்கிற கொக்கி… அதுவே போதும்.

சாம்ராஜ்: எங்க அது? காட்டு.

கங்காதரன்: வூட்ல கீது.

சாம்ராஜ்: கொக்கியப் பத்திப் பேச ஒர்க்‌ஷாப்புக்கு வருவியாம், கொக்கிய வூட்ல வச்சிட்டு வருவியாம்!

கங்காதரன்: நீதான கூப்ட்ட. டீ வாங்கிக் குடுப்பன்னு வந்தேன்.

சாம்ராஜ்: குடுக்கறேன். மொதல்ல கேளு. வில்லு நாண இழுக்க மூணு விரலாச்சும் வேணும். உன் சோத்துக்கைல…

கங்காதரன்: ரெண்டு இல்ல. எனக்குத் தெரியாதா? சுரங்கத்துல அறுவதாம் லெவல்ல டிரக்குங்கள மாட்டற கப்ளிங் கவ்வினது உன் விரலயா, என் விரலயா?

சாம்ராஜ்: கோச்சிக்காத. அதுக்குத்தான கொக்கி. விரலுக்குப் பதிலா அது நாணப் புடிச்சிக்கும். கட்டவிரலால கொண்டியத் தட்டினா வுட்டுடும், அம்பு போயிடும்.

கங்காதரன்: கைப்பிடிலயும் அந்தக் கொண்டி கீதே.

சாம்ராஜ்: கீது. கைப்பிடிய எத வச்சிப் புடிப்ப? கட்டவிரலு கொண்டிக்குப் போயிடுச்சி. மிச்சம் மோதிர விரலும் சுண்டு விரலும். உன் வில்ல இழுக்கறதுக்கு ஒரு கொடம் தண்ணியத் தூக்கற பலம் வேணும். ரெண்டு விரல்ல கொடத்தத் தூக்குவியா?

கங்காதரன்: தூக்குவேன்.

சாம்ராஜ்: அதோ பானையாண்ட நிக்குது பாரு கொடம். தூக்கு.

கங்காதரன்: இப்ப எதுக்கு… ஒடம்பு அசதியா கீது.

சாம்ராஜ்: லாம்ப் ரூம்ல வெளக்கு வாங்கி வெக்கிற வேலைக்கு அசதியாம்! கேளு. வாரு கட்டினா கனத்த மணிக்கட்டு வாங்கிக்கும். விரலுக்கு வேலையே இல்ல. எத்தன தரம் இழுத்தாலும் ஒரே அளவுக்கு வரும். வேட்டைல பொதருல பூந்து ஓடினாலும் கீழ வுழாது.

கங்காதரன்: வுழாது, கிணிங் கிணிங்னு ஆடும். பன்னிக்குக் காது இல்லியா?

சாம்ராஜ்: துணி சுத்திக்கோ.

கங்காதரன்: பீடி பத்த வெக்கணும்னா? தண்ணி மொள்ளணும்னா? எந்நேரமும் கைல மாட்டுத் தும்புக் கயிறாட்டம்…

சாம்ராஜ்: கங்கா, நீ சொல்றதெல்லாம் சாக்குடா.

கங்காதரன்: இன்னா சாக்கு?

சாம்ராஜ்: "உள்ளங்கைல அடங்கணும், வெளிய தெரியக் கூடாது"ன்னு எங்கிட்ட சொன்னது யாரு? யாருக்குத் தெரியக் கூடாது?

கங்காதரன்: அந்தக் கதவச் சாத்து. எம் பொண்ணு வள்ளிக்கு எடம் வந்துச்சில்ல, பேத்தமங்கலத்துல?

சாம்ராஜ்: முனிரத்தினம் பையன்.

கங்காதரன்: ஆங். அவங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கைமேல துண்டப் போட்டுக்கினு ஒக்காந்தேன். வெத்தலத் தட்டக்கூட நான் தொடல. என் பொஞ்சாதி அம்சவேணிதான் குடுத்தா.

சாம்ராஜ்: அப்ப அவங்களுக்கு விரலு போனது…

கங்காதரன்: தெரியாது. தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க? இன்னிக்கு விரலு போச்சி, நாளைக்கு வேல போவும், கோட்டர்ஸும் போவும், பொண்ணோட அப்பனும் ஆத்தாளும் நம்ம தலைலதான் வந்து வுழுவாங்கன்னு நெனப்பாங்களா, மாட்டாங்களா?

சாம்ராஜ்: நெனக்கலாம்.

கங்காதரன்: இப்ப அந்த முனிரத்தினம் ஆளனுப்பிக்கீறாரு. பொங்கல் கழிச்சி பாரிவேட்டையாம், ஊரே காட்டுக்குப் போவுதாம். கடலக்கொல்லைய பன்னிங்க கிண்டிப் போட்டுடுச்சாம். "உங்க வில்லப் பத்திக் கேள்விப்பட்டோம், நீங்க அவசியம் வரணும்"னு.

சாம்ராஜ்: போவ வேண்டியதுதான?

கங்காதரன்: போவலன்னா ஏன்னு கேப்பாங்க. போனா கையப் பாப்பாங்க. வாரு கட்டிக்கினு நின்னா, நானே தமுக்கு அடிச்சி ஊருக்குச் சொன்ன மாதிரி.

சாம்ராஜ்: கைப்பிடின்னா?

கங்காதரன்: ஓரமா நிப்பேன். உள்ளங்கைய மூடிக்குவேன். எவன் பாக்கப் போறான்?

சாம்ராஜ்: நழுவினா?

கங்காதரன்: நழுவாது.

சாம்ராஜ்: பக்கத்துல ஆளுங்க நிப்பாங்கடா. பாதி இழுப்புல வுட்டுடுச்சின்னா, பன்னிக்குப் போற அம்பு எவன் தொடைக்காச்சும் போவும். அதோட வள்ளி கல்யாணம்…

கங்காதரன்: நழுவாதுன்னு சொல்றேன்ல!

சாம்ராஜ்: சரி, கத்தாத. …நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

கங்காதரன்: இன்னா?

சாம்ராஜ்: அவங்க வந்துட்டுப் போன மறுநாளு, கோரமண்டல் ஸ்டேஷன்ல முனிரத்தினம் என்னப் புடிச்சிக்கினாரு. பொண்ணு வூட்டுக்காரங்க எப்டின்னு கேட்டாரு. எனக்குப் பொய் வரல. விரலு, கப்ளிங், லாம்ப் ரூமு… எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

கங்காதரன்: அடப்பாவி!

சாம்ராஜ்: திட்டக் கூடாதுன்னேன்.

கங்காதரன்: சரின்னு நான் எங்க சொன்னேன்? …அவரு இன்னா சொன்னாரு?

சாம்ராஜ்: ஒண்ணும் சொல்லல. ரயிலு வந்துடுச்சி. ஏறப் போனவரு திரும்பி, "அந்தக் கையால இன்னும் வில்லு இழுப்பாரா?"ன்னாரு. "நான் ஒரு வழி பண்றேன்"னு சொன்னேன். அதுக்கப்பறந்தான் உனக்கு ஆளனுப்பினாரு.

கங்காதரன்: ஒரு மாசமா இத வயித்துல வச்சிக்கினு கீறியே…

சாம்ராஜ்: நீ துண்டு போட்டுக்கினு திரிஞ்ச. எங்கேர்ந்து சொல்றது? இப்பவும் கைப்பிடிதான்னா அதையே எடுத்துக்கினு போ. நான் ஒண்ணும் சொல்லல.

கங்காதரன்: வாரக் கட்டு. …கைப்பிடி வூட்ல இல்ல. முந்தாநேத்து மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்க மணலக் கொட்டி வச்ச டம்ப்பு மேட்டாண்ட நின்னு இழுத்துப் பாத்தேன். கைலேர்ந்து நழுவி, நாணு துள்ளின வேகத்துல பறந்து போயி மணலுக்குள்ள பூந்துடுச்சி. ரெண்டு நாளா தேடறேன், கெடைக்கல.